புளி கூடிய கடவுச்சொல்

எங்கள் வீட்டுக்கு நீண்ட காலமாக ஒரே ஒரு பாஸ்வேர்ட்தான் இருந்தது. மின்சாரக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், என் மின்னஞ்சல், மனைவி இனிப்புப் பண்டங்கள் விற்கிற பேஜ் என்று எல்லாவற்றுக்கும் வீட்டு லேண்ட்லைன் இலக்கம்தான். கல்யாணம் முடித்த புதிதில் நான்தான் அதைத் தெரிவு செய்தேன். மறக்காது என்பது என் வாதம். மறக்கத்தான் இல்லை. ஆனால் மனைவியின் தம்பி கல்முனை பஜாரில் போன் கடை திறந்தபோது, கடைக்கு இன்னும் இணைப்புக் கிடைக்கவில்லை என்று எங்கள் வீட்டு இலக்கத்தையே பெயர்ப்பலகையில் எழுதிவைத்தான். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. அக்கரைப்பற்று பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோரம் இருந்தபடியே எங்கள் வீட்டுப் பாஸ்வேர்டை வாசித்துக்கொண்டு போனார்கள். எங்கள் யாருக்கும் இது உறைக்கவில்லை.

நான் சாய்ந்தமருதில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி கல்யாணத்தோடு மனைவி வீட்டுக்கு வந்தவன். அந்த வீட்டில் மனைவி, நான், மாமி மூன்று பேர். மாமா இப்போது உயிரோடு இல்லை, மௌத்தாகிவிட்டார். போன் கடை வைத்திருக்கிற மச்சான் மருதமுனையில் கல்யாணம் முடித்து அங்கே போய்விட்டான். ஆனாலும் பகல் சாப்பாட்டுக்கு இங்கேதான் வருவான். உம்மாவின் கைப்பக்குவம் அப்படி என்று அவன் சொல்வான். அதைப்பற்றி நான் கருத்து எதுவும் சொல்வதில்லை.

ஒரு நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். மனைவிக்கு வட்டிலப்பமும் மஸ்கட்டும் தொதலுமாக ஓடர் குவிகிற காலம் அது. அவ முட்டை அடித்துக்கொண்டிருக்கும்போது அயல்வீட்டுப் பெண் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, கறுப்புக் கண்ணாடியும் விற்கத் தொடங்கிவிட்டீர்களா என்று கேட்டார். பேஜைத் திறந்து பார்த்தோம். வட்டிலப்பத்தின் படம் இருந்த இடத்தில் வெயில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். பாதி விலை என்று போட்டிருந்தது. தொதல் கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம் சப்பாத்துப் படம் பதிலாகப் போயிருந்தது. உள்ளே போய்த் திருத்தலாம் என்றால் பாஸ்வேர்டை யாரோ மாற்றிவிட்டார்கள். ஒரு பெரியவர், பொருத்தமான சைஸ் இருந்தால் ஒரு சோடி வைக்கச் சொல்லி மாமியிடம் ஆள் அனுப்பியிருந்தார்.

மச்சான்தான் எங்கெல்லாமோ எழுதி, அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பி, ஒருவழியாகப் பேஜை மீட்டுத் தந்தான். தந்த கையோடு புத்தியும் சொன்னான். இனிமேல் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்ட், அதுவும் நீளமாக, எழுத்தும் இலக்கமும் கலந்து. அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருப்பது என்று மனைவி கேட்டா.

"நீங்க ஏன் தாத்தா ஞாபகம் வைக்கணும்? போனே உண்டாக்கும், போனே வெச்சிக்கும். விரலக் காட்டினாப் போதும்" என்றான். எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் அக்கா.

எல்லாப் போனிலும் அந்த வசதி வாங்கும்போதே இருக்கிறதாம். காசும் இல்லை. மனைவிக்கு அது பிடித்துப்போனது. அன்றைக்கே விரலைக் காட்டிச் சேமிக்கத் தொடங்கிவிட்டா.

பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கியதும் இந்தக் கதையைத் தேநீர் நேரத்தில் சொன்னேன். எங்களுக்கு ஒரு தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் இருக்கிறார். சொறிக்கல்முனையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். பாடசாலை வளவுக்குள்ளேயே அந்தச் சைக்கிளுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறவர். போனை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மழை, களவு, கைதவறல் மூன்றுக்கும் அது மருந்து என்பார். என் கதையில் கறுப்புக் கண்ணாடி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மச்சானின் யோசனையைச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய கேள்வி ஒன்றுதான். உங்கள் மனைவியின் போனும் உங்கள் போனும் ஒரே கம்பனியா? இல்லை. அவவுடையது தோஹாவிலிருந்து அவவின் தாத்தா கொடுத்துவிட்டது. என்னுடையது மச்சான் கடையில் தவணைக்கு எடுத்தது. அப்படியென்றால் அந்தப் போனுக்குள் வைத்தது இந்தப் போனுக்கு லேசில் வராது, நாளைக்கு நீங்கள் போனை மாற்றினாலும் இதே பாடுதான், வெளியில் ஒரு தனிச் செயலியைத்தான் எடுக்க வேண்டும் என்றார். அது எந்தக் கம்பனிப் போனிலும், கொம்பியூட்டரிலும் ஒன்றுபோல வேலை செய்யுமாம்.

அவர் சொன்னது அந்தக் கிழமையே எனக்கு விளங்கியது. மனைவி மாப்பிசையும்போது வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. புதிய பாஸ்வேர்ட் அவவின் போனுக்குள். போன் அவவின் விரலைக் கேட்கிறது. விரல் முழுக்கத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும். போன் அதை விரலென்றே ஒப்புக்கொள்ளவில்லை. அவ எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துடைத்து, விரலைக் காட்டித் திறந்து தருவா. அந்த நேரத்துக்கு அவவே பதிலை எழுதி முடித்திருக்கலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மச்சானையும் ஆசிரியரையும் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். ஒரே மேசையில் இருந்து பேசினால் ஒரு முடிவு வரும் என்று நினைத்தேன். மாமி பெரிய மீனாக எடுத்து ஆணம் வைத்திருந்தா. எங்கள் ஆட்களுக்கு ஆணம் என்றால் குழம்பு.

மச்சானின் வாதம் இப்படி. போன் செய்த கம்பனிக்கே போனைப் பூட்டவும் தெரியும். அவர்கள் இருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவனிடம் வீட்டுச் சாவியெல்லாம் எதற்குக் கொடுக்க வேண்டும்? அந்தக் கம்பனி நாளைக்கு விலையைக் கூட்டினால், அல்லது கடையை மூடினால் எங்கே போவது? ஆசிரியர் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே பதில் சொன்னார். தனிச் செயலிக்காரனுக்கு இது ஒன்றுதான் பிழைப்பு, அதனால் கவனமாகச் செய்வான். எல்லாவற்றையும் பூட்டித்தான் வைப்பான், அவனாலேயே திறந்து பார்க்க முடியாது. வேண்டாமென்றால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போகவும் விடுவான். போனுக்குள்ளேயே வைத்தால், யாராவது உங்கள் போன் பூட்டின் இலக்கத்தைப் பார்த்துவிட்டால் முழு வீடும் திறந்துவிடும் என்றார். மச்சான், தன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த இலக்கத்தைக் கவுண்டரில் சத்தமாகச் சொல்லித்தான் போனைத் திருத்தத் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, சொன்னது யார் பக்கத்துக்கு உதவுகிறது என்று யோசித்து நிறுத்தினான்.

மாமி சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா. கடைசியில், "ரெண்டு பேரும் சொல்றது சரி போலதான் கிடக்கு. இன்னும் கொஞ்சம் ஆணம் ஊத்தவா?" என்றா. ஆசிரியர் வேண்டாம் என்று கையை இலேசாகக் காட்டினார். மச்சான் தட்டை நீட்டினான்.

முடிவு வரவில்லை. மனைவி போனிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றா. நான் தனிச் செயலி பக்கம் போனேன். கணித வாத்தியார் ஒருவர் விரலைக் காட்டிவிட்டு இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் பாடசாலை விட்ட பிறகு ஆசிரியர் வீட்டுக்கு வந்து, என் போனிலும் கொம்பியூட்டரிலும் செயலியை ஏற்றித் தந்தார். மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் அதுவே உண்டாக்கி வைத்துக்கொள்ளும். அதைத் திறக்கிற ஒன்றை மட்டும் நான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

"சேர், இத மறந்தீங்கண்டா கம்பனியாலயும் திறக்க ஏலா, என்னாலயும் ஏலா" என்றார். "அதால ஒரு முழு வசனமா வைங்க. நாலஞ்சு சொல்லு வரணும். மறக்கவும் கூடாது, ஒருத்தராலயும் ஊகிக்கவும் கூடாது. நீங்க வாழ்க்கையில ஒருத்தருக்கும் சொல்லாத வசனமா இருந்தா நல்லம்."

சொல்லிவிட்டு அவர் முற்றத்துக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் யோசித்தேன். ஒருத்தருக்கும் சொல்லாத வசனம் என்று தேடினால் என்னிடம் அதிகம் இல்லை. மனதில் பட்டதை வகுப்பிலும் வீட்டிலும் சொல்லிவிடுகிறவன் நான். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் பகல் சாப்பாட்டிலிருந்து என் நாக்குநுனியில் இருந்தும் வெளியே வராத வசனம் ஒன்றே ஒன்றுதான். அதை ஆங்கில எழுத்தில் அடித்தேன். மாமிட ஆணத்துல எப்பவும் புளி கூட. மாமியின் குழம்பில் எப்போதும் புளி அதிகம்.

மிகவும் பலமான பாஸ்வேர்ட் என்று செயலி பச்சை நிறத்தில் காட்டியது. எனக்கும் மனதுக்குள் ஒரு பாரம் இறங்கினமாதிரி இருந்தது. அதன் பிறகு பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஒருதடவை செயலியைத் திறந்துவிட்டுப் போய் இருந்தால் சோறு இறங்குவது சுகமாக இருந்தது.

அந்த வருடம் மாமி மக்காவுக்கு உம்ரா போக நிய்யத் வைத்தா. அவவின் தங்கையும் அதே குழுவில் போகிறா. ஊரில் ஒரு பயண முகவர் மூலம் ஏற்பாடு. பயணிகள் ஒவ்வொருவருக்கும் அவர்களின் இணையப் பக்கத்தில் ஒரு கணக்குத் திறந்து, கடவுச்சீட்டு, படம், ஊசி போட்ட சான்று எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். மாமிக்கான கணக்கை நான்தான் திறந்தேன். பாஸ்வேர்டைச் செயலி உண்டாக்கியது. அது என்னவென்று எனக்கே தெரியாது. தெரியத் தேவையில்லை என்பதுதான் அதன் சிறப்பு என்று மாமிக்கு விளக்கமும் கொடுத்தேன்.

பயணம் நெருங்கிய நாட்களில் எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் ஒரு விடுமுறை நாளில் அறுகம்பேக்குச் சுற்றுலா போனோம். எல்லோரும் கடலில் இறங்கிக் குளிக்க, பைகளும் போன்களும் வேனிலேயே இருந்தன. வேன் பகல் சாப்பாட்டுப் பார்சல் எடுக்கப் பொத்துவிலுக்குப் போய்விட்டது. குழுவாக ஒரு படம் எடுப்பதற்காக நான் மட்டும் போனைக் கையில் வைத்திருந்தேன். எல்லோரையும் கரையில் நிறுத்தி, எல்லோரும் அடங்க வேண்டும் என்று பின்பக்கமாகத் தண்ணீருக்குள் நடந்து நடந்து போனேன். பாடசாலை அதிபர் கையைக் காட்டி ஏதோ சொன்னார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். அலை வருகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

என்னைத் தூக்கி எடுத்தார்கள். போனையும் ஒருவர் காலால் துழாவி எடுத்தார். அது அணைந்துபோயிருந்தது. பக்கத்து விருந்தினர் விடுதிச் சமையல்காரர் ஒரு சட்டியில் அரிசி கொண்டுவந்து போனை அதற்குள் புதைத்தார். ஒரு மரநிழலில் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் இருக்கும்போது, தகவல் தொழில்நுட்ப ஆசிரியரின் கழுத்தில் தொங்கிய போன் அடித்தது. அவர் குளிக்கும்போதும் அதைக் கழற்றவில்லை. அழைத்தது என் மனைவி. தொதல் வாங்கிய வகையில் அவர் இலக்கம் அவவிடம் இருந்தது.

விஷயம் இதுதான். பயண முகவர் அழைத்திருக்கிறார். மாமியின் கடவுச்சீட்டுப் படம் தெளிவில்லை. அன்றைக்கு அலுவலகம் மூடுவதற்குள் புதிய படத்தை ஏற்றாவிட்டால், பெயர் அடுத்த குழுவுக்குப் போய்விடும். தங்கை இந்தக் குழுவில், மாமி அடுத்த குழுவில். பகல் சாப்பாட்டுக்கு வந்த மச்சான் படத்தை எடுத்துவைத்துக்கொண்டு வீட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருக்கிறான். செயலி, திறக்கிற வசனத்தைக் கேட்கிறது.

ஆசிரியரின் போனிலேயே செயலியை ஏற்றி நானே செய்யலாமா என்று கேட்டேன். அவருக்கு டேட்டா முடிந்துவிட்டது. இருந்தாலும் சரிவராது என்றார். புதிய போனில் திறந்தால் செயலி என் மின்னஞ்சலுக்கு ஓர் இலக்கத்தை அனுப்பும். மின்னஞ்சலின் பாஸ்வேர்டோ செயலிக்குள் இருக்கிறது. வசனத்தை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பலாம் என்றால் அவர் ரீலோடும் போடவில்லை. வருகிற அழைப்பை எடுக்க மட்டும்தான் அந்தப் போனால் முடியும். சட்டி தந்த சமையல்காரரிடமும் போன் இல்லை. வேன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"மாமி எங்க நிக்கிறா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"இஞ்சதான், எனக்குப் பக்கத்துல. அவவுட பாஸ்போட்டுதானே."

லௌட்ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னேன். தம்பிதான் அடிக்கிறான், அவனுக்கும் கேட்க வேண்டும் என்றா. அப்படியென்றால் மாமியை உள்ளே போய் எனக்குப் பால் விடாமல் ஒரு பிளேன்டி போடச் சொல்லுங்கள் என்றேன். பொத்துவிலில் நிற்கிற ஆளுக்கு இங்கே என்னத்துக்குப் பிளேன்டி என்று கேட்டா. மாமியும் அதையேதான் கேட்டிருப்பா. பின்னால் அவவின் குரல் கேட்டது.

ஆசிரியருக்கு என் சங்கடம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது விதி ஒன்றுதான், இன்னொருவரின் வசனத்தைக் கேட்கக்கூடாது. போனை என் கையில் தந்துவிட்டு, கடலைப் பார்த்து நின்று இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். நான் மெதுவாகச் சொன்னேன். அலைச் சத்தத்தில் அங்கே ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கேட்கவில்லை. பிறகு கத்தினேன்.

"மாமிட."

"எந்த மாமிட?" என்றான் மச்சான்.

"பாஸ்வேர்டத்தான் சொல்றன் மச்சான். முதல் சொல்லு மாமிட."

"சரி. மறுகா?"

"ஆணத்துல."

விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது.

"எப்பவும்" என்றேன்.

இந்த இடத்தில் வசனம் எந்தப் பக்கம் போகிறது என்று மனைவிக்கு விளங்கிவிட்டது. பதினைந்து வருடம் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவ. வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று தணிந்த குரலில் கேட்டா. இல்லை என்றேன்.

"புளி. கூட."

திறக்கவில்லை. பிழை என்று காட்டுகிறது என்றான் மச்சான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் வருகிற வில்லங்கம் இது. அவன் எழுதுகிறமாதிரி நான் எழுதுவதில்லை. ஒவ்வொரு சொல்லாகத் திரும்பப் போனோம். மாமிக்கு எத்தனை ஏ? ஆணத்துக்கு? புளியில் எல் ஒன்றா இரண்டா? ஒவ்வொரு தடவையும் அவன் சந்தேகம் தீர்வதற்காக முழு வசனத்தையும் சத்தமாக வாசித்தான். நானும் முழு வசனத்தையும் கத்தினேன். குளித்துவிட்டுக் கரையேறிய ஆசிரியர்கள் துவாயால் தலையைத் துடைத்தபடி என்னைச் சுற்றி நின்றார்கள். அதிபர் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீர்ச்சறுக்குப் பலகையோடு போன ஒரு வெளிநாட்டுக்காரர், எனக்கு உதவி தேவையா என்று சைகையால் கேட்டார்.

மூன்றாவது தடவையும் பிழை. அப்போதுதான் போனில் மாமியின் குரல் தெளிவாக வந்தது.

"மருமகன், 'கூட' எண்டத நல்லா நீட்டிச் சொல்லுங்க. ஒரு 'யூ'வா, ரெண்டு 'ஓ'வா எண்டு இவன் கேக்கிறான்."

"ரெண்டு ஓ, மாமி" என்றேன்.

திறந்துவிட்டது. மச்சான் படத்தை ஏற்றினான், பச்சை அடையாளம் வந்துவிட்டது என்றான். பிறகு அவனால் அடக்க முடியவில்லை. "இதுக்குத்தான் மச்சான் நான் விரல் போதும் எண்டு சொன்னது" என்றான். அவனுக்குப் பின்னால் மாமி, போனை வைக்கச் சொல்லுங்கள், மருமகன் வெயிலில் நிற்கிறார் என்று சொன்னது கேட்டது. அது கோபமா இரக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆசிரியரின் தோளைத் தட்டினேன். காதிலிருந்து விரலை எடுத்தவர், "ஒண்டும் கேக்கல்ல சேர்" என்றார். அந்தக் கரையில் கேட்காத ஆள் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்தபோது மாமி வழமைபோல வாசலுக்கு வந்து, கடலில் அடிபட்ட இடம் நோகிறதா என்று விசாரித்தா. வேறு ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு இருந்தபோது ஆணம் வந்தது. ஒரு வாய் வைத்தேன். புளி குறைந்ததல்ல, புளியே இல்லை. மீன், மிளகாய், தேங்காய்ப்பால், உப்பு எல்லாம் இருந்தன. அவை ஒன்றோடு ஒன்று கதைக்காமல் தனித்தனியாக நின்றன. மீன் வெடில் நாற்றம் மட்டும் மேலே வந்தது. மனைவி என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தா.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் பகல் மச்சான் வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உம்மா, இதுல என்னமோ இல்லாத மாதிரி கிடக்கே" என்றான்.

"அது பாஸ்வேர்ட்டுக்குள்ள போயிட்டு மகன்" என்றா மாமி, அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே.

மனைவி அன்று அடுக்களையில் என்னிடம், நீங்கள் செய்த வேலைக்கு நாங்களும் சேர்ந்து தின்னுகிறோம், போய் ஒரு வார்த்தை பேசுங்கள் என்றா. பேசப் போனேன். இரண்டு முறை மாமியின் அறை வாசல்வரை போய், கடவுச்சீட்டுப் படம் தெளிவாகத்தான் இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். பாடசாலையில் நிலைமை இதைவிட மோசம். ஆசிரியர் அறையில் யாராவது சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், புளி எப்படி என்று இன்னொருவர் கேட்பார்.

எங்கள் ஊரில் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர்கள் புறப்படுவதற்கு முன் சொந்தம், அயல் என்று எல்லோரிடமும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். மாமியும் சில நாட்களாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தா. பயணத்துக்கு முதல்நாள் அசர் தொழுதுவிட்டு, நான் முற்றத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து எதிர்க் கதிரையில் இருந்தா. நான் எழும்பினேன். இருக்கச் சொன்னா.

"மருமகன், இத்தின வருசமா என்ட கையால தின்டிருக்கீங்க. கூடக் குறைய இருந்தா அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

நான்தான் மாமி பொறுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அது ஒருத்தருக்கும் தெரியவராது என்று நினைத்து வைத்த வசனம், அதற்குள் மனதில் வேறு ஒன்றும் இல்லை என்று உளறினேன். அவ கையைக் காட்டி நிறுத்தினா.

"அது கிடக்கட்டும். ஒண்ட மட்டும் உண்மையாச் சொல்லுங்க. இந்த நாளெல்லாம் புளி போடாம ஆக்கினனே, எப்பிடி இருந்திச்சி?"

வசமாக மாட்டினேன். பொய் சொல்லக்கூடிய நேரமும் இல்லை அது. "வாயில வைக்க ஏலா மாமி" என்றேன்.

மாமி சிரித்தா. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தா. மாமாவும் கல்யாணம் முடித்த புதிதில் புளி கூட என்று சொன்னவராம். அவர் நேரடியாகவே சொல்லிவிட்டாராம், கொம்பியூட்டரிடம் சொல்லவில்லையாம். அவருக்கும் சில நாள் புளியில்லாமல் ஆக்கிக் கொடுத்தாவாம். அதன் பிறகு அவர் மௌத்தாகும்வரைக்கும் அந்தக் கதையை எடுக்கவில்லையாம். "நீங்க கொஞ்சம் கெட்டிதான். நாலு நாள் தாக்குப் புடிச்சிட்டீங்க" என்றா.

அன்றைக்கு ஆணத்தில் பழையபடி புளி வந்தது. நான் இரண்டாவது தடவையும் ஊற்றச் சொல்லிக் கேட்டேன்.

மாமி போன பிறகு வசனத்தை மாற்றினேன். ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த ஒன்றை இனியும் வைத்திருக்க முடியாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த முறை மனுசர் யாரையும் சம்பந்தப்படுத்தாமல், ஒன்றோடொன்று ஒட்டாத சில சொற்களை எடுத்து அடுக்கியிருக்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்றையும் செய்தேன். நான் இல்லாத இடத்தில் அவசரம் வந்தால் மனைவி அவவின் போனிலிருந்தே என் செயலியைத் திறக்கக் கேட்கலாம். நான் குறித்த நேரத்துக்குள் மறுக்காவிட்டால் அது திறந்துவிடும். அப்படி ஒரு வசதி ஆரம்பத்திலிருந்தே அதில் இருந்திருக்கிறது. ஆசிரியர் முதல்நாளே அதைச் சொல்லித்தான் தந்தாராம். நான் அப்போது வசனத்தை யோசித்துக்கொண்டிருந்தேன்.

எது நல்லது, போனோடு வருவதா, வெளியில் எடுப்பதா என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அறுகம்பே கதை அந்த அளவுக்குப் பரவிவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரிடமும் ஒரே கம்பனிப் போன் என்றால் போனோடு வருவதே போதும். போன் பூட்டின் இலக்கத்தை மட்டும் கவுண்டரில் கத்தாதீர்கள். போன்கள் பல ஜாதியாக இருந்தால் தனிச் செயலி சுகம். இரண்டில் எதை எடுத்தாலும் லேண்ட்லைன் இலக்கத்தை விடத் திறம். மனைவி பேஜின் பாஸ்வேர்டை என் செயலிக்குள்ளும் போடச் சம்மதித்துவிட்டா. மற்றதெல்லாம் இன்னும் அவவின் விரலில்தான்.

மாமி உம்ராவை நல்லபடியாக முடித்து, ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமுமாக வந்து சேர்ந்தா. பயணத்துக்கென்று மச்சான் வாங்கிக் கொடுத்த போனில், அங்கே கூட இருந்த பெண்கள் எல்லாம் பழக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது விடியற்காலை சுபஹுக்குப் பிறகு தொடங்கினால் சொந்தக்காரர் எல்லோருக்கும் குரல்பதிவு போய்க்கொண்டிருக்கும். போன கிழமை தனக்கென்று சொந்தமாக ஒரு மின்னஞ்சல் வேண்டும் என்று கேட்டா. செய்தி எப்படியோ இரண்டு பேருக்கும் போய்விட்டது. மச்சான் பகல் சாப்பாட்டுக்கு வந்து, போனிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு மணித்தியாலம் விளக்கினான். மறுநாள் ஆசிரியர் மோட்டார் சைக்கிளை வாசலில் இரண்டு பூட்டுப் போட்டு நிறுத்திவிட்டு வந்து, தனிச் செயலியைப் பற்றி விளக்கினார். மாமி இரண்டு பேரையும் குறுக்கே பேசாமல் கேட்டா. இரண்டு பேருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தா. எது நல்லது என்று அல்லாஹ்விடம் கேட்டு இஸ்திகாரா தொழுதுவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தா.

இன்னும் சொல்லவில்லை. மச்சான் தினமும் கேட்கிறான். அவசரப்படக் கூடிய காரியமா மகன் இது என்கிறா.